மாடு என்ன ஆச்சு?

கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிற என்னைப் போன்ற மருத்துவர்களும் படித்தால் சந்தோஷம். நாமக்கல் பக்கம் ஒரு அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். வருடா வருடம் இன்டர்ன்ஷிப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களோடு வண்டியில் போகும்போதும் டீக்கடையில் நிற்கும்போதும் பேசியதுதான் இதில் பெரும்பகுதி.

நம் படிப்பு ஐந்தரை வருடம். நாலரை வருடம் வகுப்பும் தேர்வும், கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். அதை முடித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளை கொஞ்ச நாளிலேயே ஏதாவது ஒரு ஊரில் தனியாக ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பக்கத்து அறையில் சீனியர் கிடையாது, லேப் கிடையாது, ஸ்கேன் கிடையாது, நர்ஸ் கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும், கன்று பாதி வெளியே வந்து நிற்கிறது என்று சொல்வார்கள், அங்கே போய் டார்ச் வெளிச்சத்தில் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியது அந்த ஒரு ஆள்தான். மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆரம்ப வருடங்களில் பக்கத்தில் கேட்பதற்கு யாராவது இருப்பார்கள். நமக்கு முதல் நாளே தனி. அதனால் படிக்கிற காலத்துத் தயாரிப்பு எல்லாமே அந்தத் தனியான முதல் வருடத்தை மனதில் வைத்து இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பரீட்சைக்குப் படிக்கத்தான் வேண்டும், ஆனால் அது வேறு.

அந்தத் தனி வருடத்துக்கு மிக முக்கியமான தயாரிப்பு எது என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். பார்த்த கேஸ் என்ன ஆனது என்று திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்லூரி மருத்துவமனையில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் ஓபியில் வரிசையாக மாடுகள், ஆடுகள், நாய்கள். ஒரு பேட்ச் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். பேராசிரியர் பார்ப்பார், நோய் என்ன என்று சொல்வார், ஊசி போடுவார்கள், வண்டி ஏறி மாடு போய்விடும். மறுநாள் அந்த மாடு மறுபடி வந்தால் வேறு போஸ்டிங்கில் இருக்கும் வேறு பிள்ளைகள் பார்ப்பார்கள். வராவிட்டால் அது பிழைத்ததா, செத்ததா, கசாப்புக்கு விற்றுவிட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. இப்படியே ஆயிரம் கேஸ் பார்த்தாலும் உங்களுக்குத் தெரிவது ஆயிரம் ஆரம்பங்கள்தான். முடிவுகள் தெரியாது. ஆனால் மாட்டுக்காரர் உங்களிடம் கேட்கப் போகிற முதல் கேள்வியே முடிவைப் பற்றித்தான். "சார், பொழைச்சுக்குமுங்களா? செலவு பண்ணலாமா, வேண்டாமா?" இதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

பால் காய்ச்சலை, அதாவது கன்று போட்டதும் ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடுகிற நோயை, எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கறவை, மூன்றாவது அல்லது நான்காவது ஈத்து, கன்று போட்ட மறுநாள் படுத்துவிட்டது. கழுத்தை வளைத்து வயிற்றோரமாகத் தலையை வைத்திருக்கும், காது சில்லென்று இருக்கும், உடம்பு வெப்பம் இறங்கியிருக்கும். கால்சியம் போரோகுளுகோனேட் பாட்டிலை நரம்பில் மெதுவாக ஏற்றுகிறோம், ஒரு கையில் பாட்டில், காதில் ஸ்டெதாஸ்கோப், இதயத் துடிப்பு தடுமாறினால் உடனே நிறுத்தத் தயாராக. கொஞ்ச நேரத்தில் உடம்பு நடுங்கும், ஏப்பம் விடும், சாணி போடும், எழுந்து நின்றுவிடும். சுற்றி நிற்கும் ஊர்க்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இன்டர்ன் பிள்ளை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நம் தொழிலில் இதைவிட வேகமாகப் பலன் தெரிகிற வைத்தியம் அதிகம் இல்லை.

ஆனால் அதில் சில மாடுகள் மறுநாள் காலையில் திரும்பவும் படுத்துவிடும். முந்தின நாளோடு கல்லூரிக்குத் திரும்பிப் போன பிள்ளைக்கு இது தெரியவே தெரியாது. தெரியாததால், அந்தப் பிள்ளை நாளைக்குத் தனியாக வேலை பார்க்கும்போது மாட்டுக்காரரிடம் "சரியாயிடுச்சு, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடும். தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? இன்னும் ஒரு நாள் கவனமாகப் பாருங்கள், மறுபடி படுத்தால் விடியும் வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள், இன்றைக்கு மடியை ஒட்டக் கறக்க வேண்டாம், கான்கிரீட் தரையில் விடாமல் மண் தரையில் வைக்கோல் பரப்பிக் கட்டுங்கள், படுத்தே கிடந்தால் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கும். கடைசியாகச் சொன்னதைச் செய்யாமல் விட்டுத்தான் எத்தனையோ மாடுகள் கால்சியம் சரியான பிறகும் எழுந்திருக்க முடியாமல் போகின்றன. தன் எடையிலேயே தொடைச் சதை நசுங்கிக் கெட்டுப்போய்விடுகிறது. இதையெல்லாம் அந்த மாட்டை மூன்றாம் நாள் போய்ப் பார்த்த பிள்ளை மறக்கவே மறக்காது.

அதனால் என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் ஒரு நோட்டு வாங்கச் சொல்வேன். கல்லூரியில் கையெழுத்து வாங்குவதற்காக எழுதும் ரெக்கார்டு இல்லை, தனக்காக ஒரு சாதாரண நோட்டு. கேஸைப் பார்த்த அன்றைக்கே என்ன நோய் என்று நினைக்கிறாய், என்ன மருந்து, எத்தனை மில்லி, அதோடு இந்த மாடு மூன்று நாளில் எப்படி இருக்கும் என்று நீ நினைக்கிறாய் என்பதையும் எழுதிவிட வேண்டும். பிறகு மூன்றாம் நாள் மாட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுப் பக்கத்திலேயே எழுத வேண்டும். நினைத்தது நடந்ததா இல்லையா என்று பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது எங்கே நம் கணிப்பு தப்புகிறது என்று தெளிவாகத் தெரியும். மடி நோயில் காம்பு தேறிவிடும் என்று எழுதியிருப்பாய், அந்தக் காம்பு அப்படியே வற்றிப்போயிருக்கும். பிழைக்காது என்று எழுதிய ஆட்டுக்குட்டி ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, இப்படிப் போன் போடுகிற பிள்ளையை ஊர்க்காரர்கள் மறப்பதே இல்லை. மருந்து கொடுத்துவிட்டுப் போன டாக்டர் தானாகக் கூப்பிட்டு மாட்டைப் பற்றிக் கேட்டார் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

அடுத்தது விசாரிப்பது. மாடு பேசாது என்று எல்லோரும் சொல்வார்கள், மாட்டுக்காரரும் எல்லாவற்றையும் தானாகச் சொல்லிவிட மாட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. அவர் மறைக்கிறார் என்று அர்த்தமில்லை, எது முக்கியம் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். "தீனி எடுக்க மாட்டேங்குதுங்க" என்பார். நேற்று என்ன போட்டீர்கள் என்று கேட்டால் "எப்பவும் போடறதுதானுங்க". சரி, வீட்டில் விசேஷம் ஏதாவது இருந்ததா, பக்கத்து வீட்டில் கல்யாணமா என்று கேட்டால்தான் மிச்சமான சோற்றை ஒரு அண்டா நிறையக் கொட்டியது வெளியே வரும். வயிற்றில் அமிலம் ஏறிப் படுத்திருக்கும் மாடு அது. பொங்கல் முடிந்த மறுநாள் இந்த மாதிரி கேஸ் வரும் என்று எதிர்பார்த்தே மருந்தகத்தைத் திறக்கலாம். அதேபோல எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு சாகுபடி அதிகம். ஆடு திடீரென்று மூச்சு வாங்கி விழுகிறது என்றால் நான் முதலில் கேட்பது கிழங்குக் காட்டுப் பக்கம் மேய்ந்ததா, கிழங்குத் தோல் தின்றதா என்றுதான். மரவள்ளித் தழையிலும் தோலிலும் சயனைடு இருக்கிறது, மழை இல்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரிலும் அப்படித்தான். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் கையில் இருந்து, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் காப்பாற்றலாம், யோசித்துக்கொண்டே நின்றால் முடியாது. ஒரு ஊருக்கு வேலைக்குப் போனால் அந்த ஊரில் என்ன பயிர் எந்த மாதத்தில் நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளச் சொல்வது இதனால்தான்.

கேட்கும் முறையும் இருக்கிறது. "சினை ஊசி எப்போ போட்டீங்க?" என்று ஆண்களிடம் கேட்டால் பல வீடுகளில் பதில் தெரியாது. மாட்டைப் பார்த்துக்கொள்வது அந்த வீட்டு அம்மா. பால் கறப்பது, பருவத்துக்கு வந்ததைக் கண்டுபிடிப்பது, எத்தனை நாளாகச் சாணி இளகியிருக்கிறது என்று கவனிப்பது எல்லாம் அவர்தான். ஆனால் டாக்டர் வந்தால் முன்னால் வந்து பேசுவது அவர் வீட்டுக்காரர். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க சொல்லுங்க" என்று கேட்டால் பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

கை வேலை பற்றி. சினைப் பரிசோதனைக்குக் கை மலக்குடல் வழியாக உள்ளே போய்த்தான் ஆக வேண்டும், ஸ்கேன் இல்லாத ஊரில் அதற்கு வேறு வழியில்லை. எங்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை என்று பிள்ளைகள் சொல்வது நியாயமான குறை. ஒரு மாட்டுக்கு ஆறு பேர் வரிசையில் நின்று கை விடுவதை நான் அனுமதிப்பதில்லை, மாட்டுக்கு அது வதை, மலக்குடல் புண்ணாகிவிடும். இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் கருப்பையை வாங்கி மேசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கழுத்து எது, கொம்பு எது, சினைப்பை எங்கே, அதில் இருப்பது மஞ்சள் திரளா இல்லை பருவ முட்டைப்பையா என்று விரலால் தடவிப் பழகுங்கள். அதற்குப் பிறகு மாட்டில் கை விடும்போது விரலுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் தேடுவீர்கள். கிராமங்களில் நடக்கும் கால்நடை சுகாதார முகாம்கள் இதற்கு நல்ல இடம், மலட்டுத்தன்மை நீக்க வரும் மாடுகள் வரிசையாக நிற்கும், ஆளுக்கு ஒரு மாடாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கன்று ஈனும் சிக்கல்களில் நான் அழுத்திச் சொல்வது எப்போது இழுப்பதை நிறுத்த வேண்டும் என்பதை. சுற்றி நாலு ஆண்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "இழுத்துப் போட்டுடலாம் சார்" என்று நிற்பார்கள். கன்றின் தலை திரும்பியிருக்கிறதா, முன்னங்கால் மடங்கியிருக்கிறதா, கருப்பையே முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் இழுத்தால் தாயும் போகும். உள்ளே நன்றாக வழுவழுப்பு ஊற்றி, நிலையைத் திருத்திவிட்டு, மாடு முக்கும்போது மட்டும் இழுத்தால் பெரிய பலம் தேவைப்படாது. இதை நான் குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் ஊருக்குப் போனதும் அவர்கள் காதில் முதலில் விழப்போவது "டாக்டர் வரலீங்களா?" என்பதுதான். நின்றுகொண்டிருப்பதே டாக்டர் என்று அவர்கள் நம்ப ஒரு பிரசவம் போதும். நீளமான மெல்லிய கை உள்ளவர்கள் ஆட்டுப் பிரசவத்தில் செய்வதை என் கையால் செய்ய முடிவதில்லை, இது சும்மா தைரியம் சொல்வதற்காகச் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித்தான். அவர்களுக்கு நிஜமான சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. பல மருந்தகங்களில் உபயோகிக்கிற மாதிரி கழிப்பறை இல்லை, ராத்திரி கேஸுக்குத் தனியாகப் போவது பாதுகாப்பா என்ற கேள்வி இருக்கிறது. அதை அவர்கள் சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடாமல் துறையும் சீனியர்களும் தீர்க்க வேண்டும்.

இனி, உங்கள் உயிரைப் பற்றி. இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன்.

வெறிநோய்த் தடுப்பூசியை இரண்டாம் வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும், நாய் கடித்த பிறகு இல்லை, அதற்கு முன்பே. மாட்டுக்கு வெறிநோய் வந்தால் அது பெரும்பாலும் நாய் மாதிரி கடிக்க வராது என்பதால் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை. ஓயாமல் அடித்தொண்டையில் கத்தும், எச்சில் ஒழுகும், தண்ணீரை விழுங்க முடியாது. "மாங்கொட்டை அடைச்சிருக்குதுங்க, கை விட்டுப் பாருங்க" என்று மாட்டுக்காரர் சொல்வார். ஆர்வமாக இருக்கும் பிள்ளை சட்டையை மடித்துவிட்டு வாய்க்குள் கையை விட்டுவிடும். விடாதீர்கள். அந்த ஊரில் சமீபத்தில் நாய் ஏதாவது கடித்ததா, மாடு எத்தனை நாளாகக் கத்துகிறது என்று கேட்டுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு யோசியுங்கள்.

மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கி மனிதருக்கும் தொற்றுகிற புருசெல்லா கிருமி இன்னொன்று. ஏழு எட்டு மாதச் சினையில் கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுக்கவே கூடாது. நம் மருத்துவர்களில் மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று அவதிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த நோய் வராமலிருக்க 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் எஸ்19 தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது, போடும்போது கன்று துள்ளி ஊசி உங்கள் விரலில் குத்தினாலோ கண்ணில் தெறித்தாலோ அது உங்களுக்கும் நோயைத் தரலாம், அதனால் கண்ணாடி, கையுறை இரண்டும் வேண்டும், குத்திவிட்டால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் திடீரென்று செத்த மாட்டை அறுத்துப் பார்க்கக் கூடாது என்பதைத் தேர்வில் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள். மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த ரத்தம், உடம்பு விறைக்காமல் கிடப்பது என்று அடையாளமும் தெரியும். ஆனால் இன்சூரன்ஸுக்குப் பிரேதப் பரிசோதனை சான்றிதழ் வேண்டும் என்று ஒரு குடும்பமே அழுதுகொண்டு நிற்கும்போது, கத்தியை வைக்காமல் காது நுனியில் ரத்தம் எடுத்து ஸ்லைடில் தடவி முதலில் பரிசோதித்துவிடுவோம் என்று நிதானமாகச் சொல்ல முடியுமா? அந்த மனத்திடம் முன்கூட்டியே யோசித்து வைத்தவர்களுக்குத்தான் வரும்.

இன்சூரன்ஸ் என்றதும் இன்னொன்று. காதில் அடையாள எண் பொறித்த தோடு இல்லாத மாட்டுக்குப் பணம் வராது. தோடு விழுந்துவிட்டால் உடனே தகவல் கொடுத்து மறு தோடு போட வேண்டும் என்று மாட்டுக்காரரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். கடன் வாங்கி வாங்கிய மாடு அது, சான்றிதழில் நீங்கள் ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் அந்தக் குடும்பம் பல மாதம் அலையும். 12 இலக்க எண்ணை இரண்டு தடவை படித்துப் பார்த்து எழுதுவதும் மருத்துவம்தான்.

மருந்து எழுதுவதைப் பற்றி ஒரு விஷயம். டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. அந்த மருந்து போட்டுச் செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்ததுதான் காரணம். 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் தடை செய்தார்கள். நம் மாநிலத்திலேயே நீலகிரிப் பக்கம் உள்ள மாயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, கழுகுக்குப் பாதுகாப்பானது என்று தெரிந்த மருந்து. கோலிஸ்டின் 2019-இல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தடை செய்யப்பட்டது, மனிதர்களுக்குக் கடைசி கட்டத்தில் கொடுக்க வைத்திருக்கும் ஆன்டிபயாடிக் அது. பழைய பழக்கத்தில் பழைய மருந்தையே கேட்பவர்கள் இருப்பார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள்தான் இதை மாற்ற வேண்டும், மாற்றவும் செய்கிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கையாக இருக்கிறது.

எந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்களிடம் எது குறையும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 1903-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி வேப்பேரியில் நகரத்தின் நடுவில் இருக்கிறது, அங்கே நாய், பூனை கேஸ்கள் குவியும், கண் அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு எல்லாம் பார்த்துவிடலாம். 1985-இல் வந்த நாமக்கல் கல்லூரியைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணைகள். ஒரத்தநாடு, திருநெல்வேலி, பிறகு வந்த தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகியவற்றைச் சுற்றி ஆடு மாடுகள். இன்டர்ன்ஷிப்பில் இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் ஏற்கெனவே பழகியதற்கே திரும்பப் போகாதீர்கள். நாய் மட்டும் பார்த்தவர்கள் மாட்டுக்குப் போங்கள், மாடு பார்த்தவர்கள் ஒரு நல்ல நாய் மருத்துவமனையில் கொஞ்ச நாள் நில்லுங்கள். 1962 எண்ணில் கூப்பிட்டால் வருகிற கால்நடை அவசர ஊர்தியில் சில நாள் கூடப் போய்வர அனுமதி கிடைத்தால் விடவே விடாதீர்கள், ஒரே நாளில் பல ஊர் கேஸ்களைப் பார்க்கலாம்.

மருந்தகத்தில் உங்களோடு வேலை பார்க்கிற கால்நடை பராமரிப்பு உதவியாளரிடமும் ஆய்வாளரிடமும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. முரட்டு மாட்டை எப்படிக் கட்டிப் படுக்க வைப்பது, மூக்கணாங்கயிறு இல்லாத கிடேரியை எப்படிப் பிடிப்பது, இந்த ஊரில் யார் கடன் சொல்லாமல் மருந்து வாங்குவார், யாருக்கு நாமே கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பட்டம் வாங்கியதும் அவர்களைப் பெயர் சொல்லி அதட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அண்ணா என்று கூப்பிட்டால் உங்கள் பட்டத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

வேலை பற்றிக் கேட்காத பிள்ளை கிடையாது, அதனால் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். பெரும்பாலோர் மனதில் இருப்பது டிஎன்பிஎஸ்சி மூலம் கால்நடை உதவி மருத்துவர் பணி. 2019 நவம்பரில் 1,141 இடங்களுக்கு அறிவிக்கை வந்து 2020 பிப்ரவரியில் தேர்வு நடந்தது. இந்த மாதிரி பெரிய அறிவிக்கை வருடா வருடம் வராது. அதை மட்டுமே நம்பி அறையைப் பூட்டிக்கொண்டு வருடக்கணக்கில் உட்காருவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். படியுங்கள், கூடவே எங்கேயாவது வேலை பாருங்கள், கை துருப்பிடித்தால் திரும்பப் பழக ரொம்ப நாளாகும். தமிழ்த் தகுதித் தாளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் தேறாவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

கோழித் தொழிலைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு இளக்காரம் இருக்கிறது, அது எனக்குப் புரிவதே இல்லை. நாமக்கல்லில் ஒரு பண்ணையில் லட்சக்கணக்கில் கோழி நிற்கும். அங்கே தனிக் கோழிக்கு வைத்தியம் கிடையாது, மந்தைக்கு வைத்தியம். தினமும் செத்த கோழியை அறுத்துப் பார்ப்பது, தீவனத்தில் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று சோதிப்பது, தடுப்பூசி அட்டவணை போடுவது, முட்டை எண்ணிக்கை கொஞ்சம் இறங்கினாலே அது ஏன் என்று கண்டுபிடிப்பது. நோய்க்குறியியலும் தீவனவியலும் பிடித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. வங்கிகளின் விவசாய அலுவலர் தேர்வுக்கு நம் பட்டம் செல்லும், ராணுவத்தில் விலங்குகளைப் பராமரிக்கும் ரிமவுண்ட் அண்ட் வெட்டரினரி கோர் இருக்கிறது, இந்திய வனப்பணித் தேர்வை நாமும் எழுதலாம், குடிமைப் பணித் தேர்வில் நம் பாடமே விருப்பப் பாடமாக இருக்கிறது. மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்கள் ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) தேர்வை எழுதி, இஜத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்குப் போகலாம், அங்கே படித்துவிட்டு வரும் பிள்ளைகளின் பார்வை விரிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். வெளிநாடு என்றால் அமெரிக்காவுக்கு, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான இ.சி.எஃப்.வி.ஜி. அல்லது பேவ் என்ற தகுதித் திட்டம் வழியாகத் தகுதி பெற்று, நாவ்லி என்ற உரிமத் தேர்வையும் எழுத வேண்டும். இங்கிலாந்துக்கு அங்கே கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்யும் ராயல் காலேஜ் நடத்தும் தேர்வு. இரண்டுமே பணமும் பொறுமையும் நிறையக் கேட்கும், வீட்டு நிலைமையைப் பார்த்து முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

யானை, புலி என்று கனவோடு சேர்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். முதுமலையிலும் டாப்சிலிப்பிலும் யானைகளோடு வாழ்ந்த டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி படித்தது இதே படிப்புத்தான். ஆனால் வனத்துறையில் கால்நடை மருத்துவர் இடங்கள் மிகக் குறைவு. அந்தக் கனவை விட வேண்டாம், அதற்காக மாட்டையும் ஆட்டையும் அலட்சியம் செய்யவும் வேண்டாம். மயக்க மருந்தின் அளவும், மூச்சைக் கவனிப்பதும், பிரேதப் பரிசோதனையில் காரணத்தைத் தேடுவதும் கையில் வருவது மாட்டிலும் நாயிலும் செய்து பழகித்தான்.

செல்லப் பிராணி மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கு வேறு ஒரு தயாரிப்பு வேண்டும். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்லூரி மாணவன் வருவான், கையில் ஐந்நூறு ரூபாய் இருக்கும். டிரிப், ஊசி, நாலைந்து நாள் அட்மிஷன் என்று செலவு அதற்கு மேல் பல மடங்கு. என்ன சொல்வீர்கள்? முழு வைத்தியம் எவ்வளவு, அது முடியாவிட்டால் குறைந்தபட்சம் என்ன செய்யலாம், அதில் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு என்று மூன்றையும் குற்ற உணர்ச்சி வராதபடி அவனிடம் சொல்லத் தெரிய வேண்டும். வலியில்லாமல் முடித்துவைக்கும் ஊசியைப் போட வேண்டிய நாளும் வரும். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. நம் தொழிலில் மனச்சோர்வு அதிகம், அதைப் பற்றிப் பேசுவதுதான் குறைவு. வகுப்புத் தோழர்களோடு ஒரு வாட்ஸ்அப் குழு எல்லோரும் வைத்திருக்கிறீர்கள், அதில் எக்ஸ்ரே படம் மட்டும் போடாமல் இதையும் பேசுங்கள்.

சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்டர்ன் பிள்ளைகளைப் பதிவேடு எழுதவும் மருந்து எண்ணவும் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாட்டுக்காரரிடம் முதலில் அவர்களைப் பேச விடுங்கள், நீங்கள் பின்னால் நில்லுங்கள். அவர்கள் தடுமாறும்போது குறுக்கே புகாமல் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். ஊசி போடும் முன் மருந்தின் பெயரையும் அளவையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தலாம். மாட்டுக்காரர் முன்னால் திட்டாதீர்கள், அந்த ஊருக்கே நாளை அவர்கள் டாக்டராக வரக்கூடும். ராத்திரி கேஸுக்கு அவர்களையும் எழுப்பிக் கூட்டிப் போங்கள். பயிற்சி முடிந்து போன பிறகும் உங்கள் எண்ணுக்கு அவர்கள் கூப்பிடலாம் என்று சொல்லி அனுப்புங்கள், சொன்னால் மட்டும் போதாது, கூப்பிடும்போது எடுக்கவும் வேண்டும். கருப்பை வெளித்தள்ளிய மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பிள்ளை போன் போட்டால், அந்த இரண்டு நிமிடப் பேச்சில் ஒரு மாடு பிழைக்கும்.

இப்போது கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் கையில் வந்ததும் தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். 1984-ஆம் வருட இந்தியக் கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி பதிவு இல்லாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது, சான்றிதழில் கையெழுத்துப் போடவும் முடியாது. எங்கள் மருந்தகத்துக்குப் பயிற்சிக்கு வருபவர்கள் கம்பூட்ஸ், வெப்பமானி, ஸ்டெதாஸ்கோப், முழங்கைக்கு மேல் வரும் கையுறை, அந்த நோட்டு இவற்றோடு வந்தால் போதும். காலை எட்டு மணிக்கே மாடுகள் வந்துவிடும்.